கடைவயலின் முறை

குளிப்பாட்டுவதற்காக அருமைநாயகத்தின் உடலைத் தூக்கியபோதுதான் அவருடைய அரைஞாணில் சாவி தொங்குவதைக் கண்டார்கள். "இதக் கழட்டுங்க, இரும்போட குளிப்பாட்டப்படாது," என்று யாரோ சொன்னார்கள். முடிச்சு இறுகிக் கிடந்தது. தூக்கிய நாலு பேரும் மூச்சைப் பிடித்து நிற்க, கண்ணகை குனிந்து பல்லால் கடித்து அதை அவிழ்த்தாள். எட்டு வருஷமாக அவளுடைய புருஷன் நித்திரையிலும் கழற்றாத சாவி. பாயில் புரண்டு படுத்தால் அவளுடைய விலாவில் வந்து குத்தும். அதற்காக அவள் எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறாள்.

"தா தங்கச்சி, என்னட்ட இரிக்கட்டும்," என்று அவளுடைய அண்ணன் தங்கராசா கையை நீட்டினார். "நான் போய்த் துரிசில வெள்ளை கட்டிப்போட்டு வாறன்."

அவள் கொடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

துரிசு என்றால் குளக்கட்டில் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. அதைத் தூக்குகிற சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருக்கும். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே இருந்த அந்த ஊரின் வட்டை முழுவதும், முந்நூறு ஏக்கர் வயல், அந்த ஒரு கதவை நம்பித்தான் கோடையில் சிறுபோகம் செய்தது. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைக்கிறவர் வட்டை விதானை. அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்த வேலைக்கு நீளமான ஒரு பெயரும் வைத்திருந்தது. ஊரில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. வயல்காரர் கூடிக் கை உயர்த்தி அருமைநாயகத்தைத் தெரிவுசெய்தார்கள், அன்றிலிருந்து விதானையார் என்றே கூப்பிட்டார்கள்.

விதானையார் அன்று விடியற்காலை துரிசைத் திறக்கப் போகவேண்டியவர். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு அடைக்கிற மாதிரி இரிக்கி புள்ள," என்றார். கண்ணகை அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். கோப்பை கையிலிருந்து விழவில்லை, பாதித் தேத்தண்ணியும் அப்படியே இருந்தது.

விதானை செத்தால், மூன்றாம் நாள் புதைகுழியில் பால் வார்க்கும்வரை வட்டையில் மண்வெட்டி விழாது, துரிசு திறக்காது. அது அந்த ஊர் விதானைக்குக் கொடுக்கிற மரியாதை. முந்திய விதானைக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அவர் செத்தது மாரியில். வட்டை முழுவதும் வெள்ளம் நின்றது. துரிசைப் பூட்டினால் என்ன, திறந்தால் என்ன. இவரோ ஆடி மாதத்தில் போயிருந்தார். அந்த வித்தியாசம் காலையில் யாருக்கும் நினைவில் வரவில்லை, கண்ணகைக்கும்தான்.

துரிசில் வெள்ளைத் துணி கட்டி முடித்து, பந்தல் போட்டு, பறைமேளம் வந்து இறங்கியது. நடுவீட்டில் விதானையார் புது வேட்டியோடு கிடந்தார். தலைமாட்டில் அவருடைய வானொலிப் பெட்டி. அதைத் துணியால் மூடியிருந்தார்கள்.

நேற்று அந்த நேரத்தில் அந்தப் பெட்டியைச் சுற்றி அரை ஊர் இருந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்துவிட்டான் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. இறங்கிய இரண்டு பேரைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அருமைநாயகம் மட்டும், "மூணாவது ஆள் என்ன செய்யிறான்?" என்று கேட்டார்.

"அவன் இறங்கல்ல. மேல சுத்திக்கிட்டு நிக்கிறானாம்."

"எனக்கு அவனத்தான் புடிச்சிரிக்கி. மத்த ரெண்டு பேரும் திரும்பி வரக் கதவத் திறந்து வச்சிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. அவன்ட படம் பேப்பரில பெரிசா வராது."

"அப்ப மச்சான், சந்திரனிலயும் கடைவயலுக்குத்தான் முதல் தண்ணியா?" என்று தங்கராசா நக்கலாகக் கேட்டார். வாய்க்கால் முடிகிற கடைவயலுக்கு முதலில் தண்ணீர் விடுவதுதான் விதானையார் வைத்த முறை. தங்கராசாவின் வயலோ குளத்தடியில், தலைவாய்க்கால் ஓரத்தில்.

"அங்க தண்ணியே இல்லியாம் மச்சான். உங்களுக்குப் பிரச்சினை இல்ல."

வீடே சிரித்தது. அவர் அப்படித்தான். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அதை இழுத்து வந்து வாய்க்காலில் விட்டுவிடுவார். தினமும் மத்தியானம் கூட்டுறவுக் கடை வாசலில் பத்திரிகையை உரத்து வாசிப்பார். எங்கேயோ வெள்ளம் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் சப்பாத்தில் சேறு படாமல் திரும்பிப் போனாராம் என்று ஒருநாள் வாசித்தார். "முழங்காலில சேறு இல்லாதவன் வைக்கிற முறை எப்பிடிச் சரி வரும்?" என்றார். அடுத்த நாள் கிளைவாய்க்கால் துப்புரவாக்க அவரே முதலில் இறங்கினார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். "மச்சான் பேப்பர மடிக்க முன்னம் எழும்பிப் போயிடுங்க. மடிச்சா மண்வெட்டிதான்," என்று தங்கராசா எல்லோரையும் எச்சரிப்பார். ஆனால் ஒருநாளும் தான் எழும்பிப் போனதில்லை.

பத்து மணி போல ஆச்சிப்பிள்ளை வந்தாள். கண்ணகைக்கு மச்சாள் முறை. புருஷன் இல்லாதவள், கடைவயலில் மூன்று ஏக்கரைத் தானே நின்று செய்கிறவள். வந்தவள் கண்ணகையைக் கட்டிப்பிடித்து விழுந்து அழுதாள். எழும்பும்போது அவளுடைய சேலை மடியிலிருந்து ஏதோ பாயில் விழுந்தது. சட்டென்று அதைக் காலால் மறைத்தாள்.

கண்ணகை காலுக்கடியில் கையை விட்டு எடுத்தாள். ஒரு நெற்கதிர். ஒட்டியிருந்த இலை வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டிருந்தது.

"இது என்னகா மச்சாள்?"

"ஒண்டுமில்ல. எறிகா அதை."

"சொல்லு."

ஆச்சிப்பிள்ளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "விடிய அவருக்குக் காட்டத்தான் புடுங்கினன். வாற வழியிலதான் சேதி சொன்னாங்க. மறுகா எங்க போடுற எண்டு தெரியாம மடியில வச்சிட்டன்."

கண்ணகை ஒரு மணியை நகத்தால் அழுத்தினாள். பால் வந்தது. கொஞ்சம்போல, நீர்த்துப்போய்.

"இண்டைக்குச் செவ்வாய்," என்றாள். "கடைவயல்ட முறை எலுவா?"

"ஓம். அதுக்கென்ன."

"மூணு நாள் தாங்குமா?"

ஆச்சிப்பிள்ளை கதிரை வாங்கி மறுபடி மடியில் செருகினாள். கடைவயல் வாவியோரம் கிடந்தது, உவர் நிலம். பத்து நாள் தண்ணீர் காணாவிட்டால் அடியில் கிடக்கும் உப்பு மேலே வரும். அன்று பத்தாம் நாள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் உப்பு ஏறினால் நாற்பது ஏக்கரும் பதர்.

"நீ போய் அண்ணனிட்டச் சொல்லன்."

"நானா?" ஆச்சிப்பிள்ளை திடுக்கிட்டாள். "எனக்கு முதல் தண்ணி தந்த மனிசன் பாயில கிடக்கிறார். அவருக்குச் செய்யிற மரியாதைய நிப்பாட்டி, எண்ட வயலுக்குத் தண்ணி விடுங்க எண்டு நான் கேக்கிறதா? வெள்ளாமை போனாப் போகட்டும்கா."

மத்தியானம் அஹமட் வந்தார். காத்தான்குடிக்காரர், அவருக்கும் கடைவயலில் ஆறு ஏக்கர். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் பத்திரிகையைத் தினமும் வாவிக்கு அந்தக் கரையில் வாங்கி, தோணியில் கொண்டுவந்து விதானையாருக்குக் கொடுப்பவர். சேதி கேட்டுத்தான் புறப்பட்டிருக்கிறார், ஆனாலும் பழக்கத்தில் பத்திரிகையை வாங்கிவிட்டார். இப்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியும் பத்திரிகையுமாக வாசலில் நின்றார். கடைசியில் உள்ளே வந்து விதானையாரின் கால்மாட்டில் வைத்தார். முதல் பக்கம் முழுவதும் சந்திரன்.

"காக்கா, வயலப் பாத்தீங்களா?" என்று கண்ணகை கேட்டாள். ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அண்ணன் முறை.

"பாத்தன் தங்கச்சி."

"எப்பிடி இரிக்கி?"

அவர் ஆச்சிப்பிள்ளையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதப் பேசுற நாள் இல்ல இது," என்றார் அஹமட். "மையத்துக்கு முன்னால வெள்ளாமை என்ன பெரிய வெள்ளாமை." சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கிழக்கே, வாவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்கவேண்டிய இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள். சாவியைத் தூக்கிக் கொடுத்தவள் கண்ணகை. திருப்பிக் கேட்டால், புருஷனுக்கு ஊர் செய்கிற மரியாதையைப் பொஞ்சாதியே கெடுத்தாள் என்ற பேச்சு சாகும்வரை கூட வரும். கேட்காவிட்டால், எட்டு வருஷமாக அவர் கட்டிக்காத்த முறையை அவருடைய செத்தவீடே முதல் முதலாக முறிக்கும்.

"அவரா இரிந்தா என்ன செய்வார் எண்டு தெரியல்லகா," என்றாள் தனக்குத்தானே சொல்வதுபோல.

"அவர் உன்னத்தான் பாத்திருப்பார்," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"என்ன?"

"அவர் விதானையான முதல் கூட்டத்துக்கு நீ வரல்ல. வயல்காரி எண்டு நான் போனன். கடைவயலுக்குத்தான் முதல் தண்ணி எண்டார். மேல்வயல் போடிமார் எல்லாரும் குதிச்சாங்க, உண்ட அண்ணன்தான் முன்னுக்கு நிண்டு குதிச்ச. தண்ணி மேல இரிந்து கீழதானே ஓடும், இந்தச் சட்டம் எந்த நாட்டுச் சட்டம் எண்டு கேட்டாங்க. எண்ட வீட்டுச் சட்டம் எண்டார்."

கண்ணகை நிமிர்ந்தாள்.

"ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில பள்ளிக்கூடத்தில கிடந்தமே, நினைவிரிக்கா? நீ கஞ்சி ஊத்தினாய். தடியனுகள் எல்லாம் முன்னுக்கு முட்டிக்கிட்டு நிண்டானுகள். நீ கிடாரத்தத் தூக்கிக்கிட்டு வரிசைட கடைசிக்குப் போனாய். கிழடுகளும் புள்ளத்தாச்சிகளும் அங்கதான் நிண்ட. அங்கயிரிந்து ஊத்திக்கிட்டு வந்தாய். முன்னுக்கு நிண்டவனுகளுக்கும் கஞ்சி போதாமப் போகல்ல. அதக் கண்டு படிச்சது எண்டு கூட்டத்தில சொன்னார்."

கண்ணகைக்கு வெள்ளம் நினைவிருந்தது. கிடாரத்தின் சூடு நினைவிருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டு நின்றது நினைவில் இல்லை. எத்தனை பத்திரிகையிலிருந்து எத்தனை பாடம் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே," என்றாள். அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழும்பினாள்.

புருஷனை இழந்தவள் பாயை விட்டு எழும்பியதைக் கண்டு ஒப்பாரி நின்றது. அவள் நடுவீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"அண்ணன், ஒருக்கா வாங்க. அந்தச் சாவியத் தாங்க."

"என்னத்துக்குப் புள்ள?"

"தாங்களன்."

தங்கராசா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் திரும்பிப் போய் முழங்காலில் உட்கார்ந்து, விதானையாரின் அரைஞாணில் அதைக் கட்டினாள். பழைய இறுக்க முடிச்சில்லை, இழுத்தால் அவிழ்கிற சுருக்கு.

"இண்டைக்குக் கடைவயல்ட முறை," என்றாள். "அவர் இன்னும் திறக்கல்ல."

பந்தலில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "விதானை செத்தாத் துரிசு திறக்கிறல்ல மகள். அது நாம அவருக்குக் குடுக்கிற மரியாதை."

"வட்டை ஆக்கள் திறக்கப்படாது, சரி. விதானை திறக்கலாம்தானே? அவர் இன்னும் வட்டைய விட்டுப் போகல்லியே. போற வழியில திறந்துபோட்டுப் போகட்டும்."

மேளக்காரர் ஒருவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"றோட்டால கொண்டுபோக வேணாம். குளக்கட்டால போங்க. துரிசடியில அவர இறக்கி, அவர்ட இடுப்பில இரிந்து சாவிய எடுத்துத் திறங்க. புறகு தண்ணியோட சேந்து வாய்க்கால் கட்டால போங்க. மயானமும் கடைவயலுக்கு அங்காலதானே."

"கண்ணகை, வாய மூடு," என்றாள் உள்ளேயிருந்து அவளுடைய மாமி. "இந்த நாளில நீ பேசுறதா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வெள்ளாமைய வெட்டி முடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லட்டும் மாமி."

அஹமட் எழும்பி நின்றார். எல்லோரும் தங்கராசாவைப் பார்த்தார்கள். துரிசில் வெள்ளை கட்டியவர் அவர். வாய்க்கால் கட்டில் முதல் வருகிற வயலும் அவருடையது.

"கட்டு ஒடுக்கம் புள்ள," என்றார் கடைசியில். "நாலு பேர் பாடை தூக்கிக்கிட்டு நடக்க ஏலா."

"எட்டு வருஷமா அந்தக் கட்டாலதான் அவரோட சண்டை பிடிச்சிக்கிட்டு நடந்தீங்க. அப்ப ஒடுக்கமில்ல."

தங்கராசாவின் வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாடையின் முன்தண்டுப் பக்கம் போய் நின்றார்.

"அஹமட் காக்கா, இஞ்சால பக்கம் வாங்க. நீங்கதான் எண்ட உயரம்," என்றார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வேலிக் கடப்புவரைதான் போகலாம். கண்ணகை அங்கே நின்று பார்த்தாள். கிழக்கே றோட்டுக்குத் திரும்பவேண்டிய ஊர்வலம் மேற்கே குளக்கட்டுப் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு அவளுக்குக் காதுதான் துணை. குளக்கட்டில் மேளம் கேட்டது, நின்றது, மறுபடி தொடங்கியது. பிறகு வாய்க்கால் கட்டோரம் மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது. கேட்டுக்கொண்டே வீட்டைக் கழுவினாள். திரும்பி வருகிற ஆண்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதால் கிணற்றடியில் வாளியைத் துடைத்து, கயிற்றைச் சுற்றி, கையெட்டும்படி கிணற்றுக் கட்டின் மேல் வைத்தாள்.

குளத்திலிருந்து கடைவயல் ஒன்றரை மைல் தூரம். இடையில் நாற்பது வக்கடை. வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய்கள் அவை. காய்ந்த வாய்க்காலில் வருகிற தண்ணீரை எவன் காலால் மண்ணைத் தள்ளினாலும் தன் வயலுக்குத் திருப்பிவிடலாம். இத்தனை வருஷமும் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த நாற்பது வாயையும் காவல் காத்தார். இன்றைக்கு அவரால் எழும்பிப் பார்க்க முடியாது.

மேளம் நின்றது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மயானம் இன்னும் வந்திராதே," என்றாள் மாமி. "சத்தம் அவ்வளவு தூரம் போகல்லியே."

"இறக்கி வச்சிட்டாங்க போல," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

நடுவழியில் பாடையை இறக்குகிற வழக்கம் இல்லை. சண்டை வந்திருக்கலாம். சக்கரத்தைப் போதுமான அளவுக்குச் சுற்றாமல் விட்டிருக்கலாம், தண்ணீர் பாதியில் வற்றியிருக்கலாம். முருங்கை மர நிழல் முற்றத்தைத் தாண்டிக் கிணற்றுக் கட்டைத் தொட்டது. ஒரு காகம் கூரையில் வந்து இருந்து, கத்தாமல் பறந்து போனது. ஆச்சிப்பிள்ளை கண்ணகையின் கையைப் பிடித்தாள். பிடித்த அந்தக் கை முழுவதும் வெடிப்பு.

மேளம் மறுபடி எழும்பியது. கூட்டிப் போகும்போது அடித்த அடி இல்லை அது. வேகமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாவிப் பக்கம் இறங்கி ஓடுகிற மாதிரி அடித்தார்கள். பிறகு தூரத்தில் போய் அடங்கியது.

பொழுது சாய ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கடப்பைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார்கள். யாரும் கிணற்றடிக்குப் போகவில்லை. எல்லோருடைய வேட்டியும் நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது, தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியவர்கூட முழங்கால்வரை சேறாக வந்தார். அஹமட்டின் சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. தொப்பியை மட்டும் எப்படியோ காய்ந்தபடி காப்பாற்றியிருந்தார். ஆச்சிப்பிள்ளை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், பிறகு முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

தங்கராசா கடைசியாக வந்தார். சாவியைக் கண்ணகையின் கையில் வைத்தார்.

"நாலு வக்கடை ஒழுகிச்சு," என்றார். "ஒண்டு எண்டதான். காக்காவும் நானும் இறங்கி அடைச்சம்." பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி வந்து சேருமட்டும் மச்சான வரம்பில வச்சிக்கிட்டு எல்லாரும் இரிந்தம். ஒருத்தனும் எழும்பிப் போகல்ல."

கண்ணகை தலையை ஆட்டினாள்.

அவர் போகவில்லை. துண்டை அவிழ்த்துப் பிழிந்தார், மறுபடி பிழிந்தார். "நாளையண்டைக்கு முறை ஆருக்கு புள்ள?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நடுவயலுக்கு," என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்குக் கடைசியில அண்ணன்."

"அப்ப நான் சந்திரனிலதான்," என்றார் தங்கராசா. யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரித்தவனை யாரும் ஏசவில்லை.

கண்ணகை சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள். அது விலாவில் குத்தியது. அவள் அதைச் சரிசெய்யாமல் முற்றத்தைப் பார்த்தாள். கடப்பிலிருந்து பந்தல்வரை ஈரக் காலடிகள். கிணற்றுக் கட்டில், பிற்பகல் அவள் வைத்த இடத்திலேயே, கயிறு சுற்றினபடி வாளி இருந்தது. உள்ளே ஒரு முருங்கை இலை விழுந்து கிடந்தது. வாளி காய்ந்திருந்தது.